கரிப்பெட்டி எரிந்த காரணம்

உன் மீதும் உன் மனைவி மீதும் அல்லாஹ்வின் சாந்தி இருக்கட்டும், மகன். நீ கட்டாருக்குப் போகப்போகிறாய் என்பதை உன் மாமியார் சொல்லித்தான் நான் அறிந்தேன். நிந்தவூரில் ஒரு மையித்து வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "விசாவும் வந்திட்டு, டிக்கட்டும் போட்டாச்சு ராத்தா, வாற ஞாயிறு போறார், உங்களுக்கிட்டச் சொன்னவர்தானே?" என்று கேட்டாள். நான் "ஓம், சொன்னவர்" என்று பொய் சொன்னேன். மையித்து வீட்டில் இருந்துகொண்டு பொய் சொன்ன அந்த வாயை என்ன செய்வது என்று தெரியாமல் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு இருந்தேன். வீட்டுக்கு வந்து உன் வாப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு நாங்கள் போட் செய்கிற யார்டுக்குப் போய், வேலை நின்று வெறுமையாகக் கிடக்கிற போட் அச்சுக்குப் பக்கத்தில் நின்றார்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் உன் பெயர் பழுதானது ஊர் வட்ஸ்அப் குழுக்களில். "எஞ்சினியர் பொடியன் செஞ்ச பெட்டி கல்முனையை எரிக்கப் பாத்திச்சு" என்று போட்டதை நம்ம சொந்தக்காரர்களே எனக்கு அனுப்பி, உண்மையா என்று கேட்டார்கள். அதே குழுக்களில் இதையும் போடுகிறேன். முழுவதையும் வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சில இடங்களில் கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில், "ஒண்டையும் குறைக்காதே, அப்படியே போடு" என்று சொன்னார். ஆகவே இதில் இருப்பது அவருடைய சம்மதத்தோடு எழுதப்பட்டது. உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், மற்றவர்களும் வாசிப்பதால்.

உன் கல்யாணத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும். நம்ம வழக்கப்படி நீ நிந்தவூரில் பெண் வீட்டுக்கே குடிபோனாய். போய்க் கொஞ்சக் காலம் கழித்து ஒரு காலையில் வந்தாய். வாசல் கடப்படியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் நின்றாய். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். என்ன நிற்கிறான் என்று எட்டிப் பார்த்தேன். மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றாய்.

"உம்மா, இந்த மணத்துக்குள்ளயா நான் இவ்வளவு காலமும் இருந்த?"

"எந்த மணம் மனே?"

"உண்மையாவே உங்களுக்கு ஒண்டும் வரல்லியா?"

எனக்கு ஒன்றும் வரவில்லை. கறிவேப்பிலை மணமும் பால் மணமும்தான் வந்தன. நீ வேறு எதையோ சொல்லப்போகிறாய், மனைவிக்குப் பிள்ளை தங்கிவிட்டதாக்கும் என்று கூட நினைத்தேன். நீ திரும்பிப் போய்விட்டு, இரண்டொரு நாளில் கம்பஸில் இரவல் வாங்கின, காற்றில் கலந்திருப்பதை அளக்கிற ஒரு மானியோடு வந்தாய். முதலில் யார்டில் பிடித்தாய், இலக்கம் ஏறியது. அது எனக்கு அதிசயமாக இல்லை, பைபர் போட் செய்கிற இடத்தில் ரெசின் மணம் இருக்கத்தானே செய்யும். தெருவில் பிடித்தாய், இறங்கியது. அதன் பிறகு என் குசினிக்குள் வந்து, சோற்றுப் பானைக்கு மேலே பிடித்தாய். இலக்கம் மறுபடி ஏறிக்கொண்டே போனது. நான் தொழுகிற மூலையில் பிடித்தாய், அங்கும் அப்படித்தான். நான் துருவலையில் இருந்து எழும்பவே இல்லை. நெருப்போ புகையோ என்றால் கண்ணால் பார்த்திருப்பேன். கண்ணுக்கும் தெரியாமல், மூக்குக்கும் தெரியாமல், என் பானைக்கு மேலே ஒன்று நின்றுகொண்டிருந்தது என்பதை அந்தச் சின்னப் பெட்டி சொல்லித்தான் நான் அறிந்தேன். "மூக்கு பழகிப்போகும் உம்மா, நெஞ்சு பழகாது" என்று நீ சொன்னாய். பக்கத்து வளவுப் பௌசியாவின் சின்ன மகளுக்கு வீசிங் வந்து அடிக்கடி மூச்சுக்கு மெஷின் பிடிப்பது என் நினைவுக்கு வந்தது. பௌசியா ஊராரிடம் கையெழுத்து வாங்கி யார்டுக்கு எதிராக மனுக் கொடுத்தபோது நான் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்ததும் நினைவுக்கு வந்தது.

நீ எங்களுக்கு விளங்கப்படுத்தியதை மற்றவர்களுக்காக ஒரு முறை சொல்கிறேன். பைபரில் பூசுகிற ரெசினுக்குள் ஸ்டைரீன் என்ற திரவம் இருக்கிறது. ரெசின் இறுகுகிறபோது அதில் ஒரு பங்கு காற்றில் ஏறிவிடும். பிரஷ், ரோலர் கழுவுகிற அசிற்றோன் அதைவிட வேகமாக ஏறும். பெயின்ற், தின்னர், பசை எல்லாவற்றிலும் இப்படிப்பட்டவை உண்டு; எளிதில் ஆவியாகும் சேதனச் சேர்வைகள் என்று பாடப் புத்தகத்தில் இருக்குமாம். வேலை செய்கிறவர்களுக்குத் தலை சுற்றாமல் இருக்க யார்ட் சுவரில் பெரிய விசிறி பூட்டி வெளியே தள்ளுகிறோம். "வெளிய போனாக் காத்தோட போயிடும்தானே" என்று வாப்பா கேட்டார். "காத்து எங்க வாப்பா போகுது? கடல்காத்து அடிச்சா பௌசியாத்தாட ஜன்னலுக்கும் உம்மாட குசினிக்கும்தான் போகுது" என்று நீ சொன்னாய். வாப்பா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய வாப்பா காலத்தில் தார் பூசினதையும் அதில் யாரும் சாகாததையும் சொன்னார். ஆனால் அந்த மானியை அவர் தானே வாங்கி, என் தொழுகைப் பாய்க்கு மேலே இரண்டு மூன்று தரம் பிடித்துப் பார்த்ததை நான் கண்டேன்.

அந்த ஆவியைப் பிடிக்க நீ ஒரு பெட்டி செய்தாய். விசிறி உறிஞ்சுகிற காற்று முழுவதும் அந்தத் தகரப் பெட்டிக்குள் போய், கரிப் படுக்கைக்குள்ளால் ஏறி, மேலே புகைக்குழாயால் போக வேண்டும். கரி என்றால் நாங்கள் கொல்லனுக்குக் கொடுக்கிற கரி என்று நினைத்தேன். "சிரட்டைக் கரிதான் உம்மா, ஆனா நீராவி விட்டுச் சுட்டு எடுத்தது. அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். ஒரு பிடி கரிய விரிச்சா ஒரு வயலையே மூடலாம். ஆவி போய் அந்த ஓட்டைகள்ள ஒட்டிக்கொள்ளும், நிறைஞ்சாக் கரிய மாத்த வேணும்" என்றாய். உன் கையில் இருந்த அந்தக் கறுத்த மணிகளைப் பார்த்துக்கொண்டு, இதற்குள்ளா ஒரு வயல் என்று நினைத்தேன். பெட்டி ஓடத் தொடங்கிய பிறகு ஒரு பின்னேரம் பௌசியா தன் ஜன்னல் இரண்டையும் விரியத் திறந்து கொக்கி போட்டாள். மதிலுக்கு மேலால் என்னைப் பார்த்து, "மீன் அவியிற மணம் வருது ராத்தா, என்ன மீன்?" என்று கேட்டாள். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அவள் என்னோடு கதைத்த முதல் கதை அது. பாரை மீன் என்று சொன்னேன். ஒரு கோப்பையில் கொடுத்தும் அனுப்பினேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு யார்டைப் பூட்டினோம். வறண்டு சுடுகிற கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த காலம். தகரத்தில் கை வைக்க முடியாத வெயில். லீவு முடிந்து வேலை தொடங்குகிற காலையில் நீயும் வந்திருந்தாய், உன் மனைவி கொடுத்துவிட்ட தொதல் டப்பாவை என் கையில் தந்துவிட்டு யார்டுக்குப் போனாய். வாப்பா பிஸ்மி சொல்லி விசிறியைப் போட்ட சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கருகின மணம் வந்தது. எனக்குக் கூட வந்தது. வெளியே வந்து பார்த்தபோது புகைக்குழாயில் மெல்லிய சாம்பல் நிறப் புகை. நீ ஏணியில் ஏறிப் பெட்டியின் மூடியைத் திறந்தாய். என்ன என்று பார்க்கத்தான் திறந்தாய், யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். திறந்த உடனே உள்ளே இருந்து ஒரு பெருமூச்சு மாதிரிச் சத்தம். சிவப்பாக ஒன்று எழும்பி உன் முகம் வரைக்கும் வந்தது. யோகன் உன் காலைப் பிடித்து இழுத்துக் கீழே விழுத்தினார். தம்பிலுவிலில் இருந்து வந்து வாப்பாவோடு எத்தனையோ போட் செய்த மனிதன். விழுந்த உன்னைத் தன் இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். மேலே இருந்து கொட்டிய தணலெல்லாம் முழங்கைக்குக் கீழே அவருடைய இரண்டு கையிலும் விழுந்தது.

யாரும் நெருப்பு வைக்கவில்லை, மகன். தீக்குச்சி இல்லை, வயர் கருகவில்லை. பெருநாள் முழுக்கப் பூட்டிக் கிடந்த ஒரு பெட்டிக்குள், நாங்கள் புது உடுப்பு உடுத்தி வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம், கரி தானாகவே உள்ளுக்குள் சுட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. இதை நீ பிறகு சொன்னபோதும் என் மூளை ஏற்கவில்லை, இன்றைக்கும் முழுதாக ஏற்கவில்லை. பக்கத்தில் ரெசின் டிரம்கள் இருந்தன. வாப்பாவும் மற்ற வேலையாட்களும் அவற்றை உருட்டிக்கொண்டு கடற்கரை மணலுக்கு ஓடினார்கள். யாரோ ஓடுங்கோ என்று கத்த, தெருவில் இருந்தவர்கள் மேற்கே ஓடினார்கள். சுனாமிக்குப் பிறகு நம்ம ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் கால்கள் தானாக மேற்குப் பக்கம்தான் போகும், என்ன என்று கேட்பதற்கு முதலே. பௌசியா மகளைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடியதைப் பார்த்தேன். மாநகர சபையின் தண்ணீர் வண்டி வந்துதான் அணைத்தது. உன் தாடியும் புருவமும் கருகி இருந்தன. நீ தண்ணீர் கேட்கவில்லை, உட்காரவில்லை. எரிந்த பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாய். பின்பக்கம் போய்க் குனிந்து எதையோ பார்த்தாய். பிறகு நிமிர்ந்தபோது உன் முகத்தை நான் பார்த்தேன். அந்த முகத்தின் அர்த்தம் எனக்கு அன்று தெரியவில்லை.

விசாரணைக்கு அதிகாரி வந்தார். ஊரார் பாதிப் பேர் கடப்பில் நின்றார்கள். "உள்ளுக்கு எவ்வளவு சூடு எண்டு பாக்கிற மானி இதுல இல்லையா?" என்று அவர் கேட்டார். "இல்ல. வாங்க இருந்த, பூட்டல்ல. என்ட பிழை" என்று நீ சொன்னாய். வேறு ஏதும் காரணம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாய். வாப்பா உனக்குப் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்கு முதலே குழுக்களில் எல்லாம் வந்துவிட்டது. நீ நிந்தவூருக்குப் போனாய், அதன் பிறகு யார்டுக்கு வரவில்லை. எனக்கு போன் எடுப்பாய், சாப்பிட்டீங்களா என்று கேட்பாய், வைத்துவிடுவாய். அதிகாரி சொன்ன சில திருத்தங்களுக்குப் பிறகு யார்ட் திறக்க அனுமதி கிடைத்தது. பெட்டி இல்லாமல், பழையபடி சுவர் விசிறியோடு. பௌசியாவின் ஜன்னல் மறுபடி மூடிக்கொண்டது.

இனி நான் எழுதப்போவதில் பாதி உனக்குத் தெரியாது.

யோகன் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்ததும் பார்க்கப் போனேன். வாப்பாதான் வானை ஓட்டி வந்தார். தம்பிலுவிலில் அவர் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, "நீ போய்ட்டு வா, நான் டயருக்குக் காத்துப் பாக்கிறன்" என்றார். டயரில் காற்று இருந்தது. வெட்கத்தில் வராமல் இருக்கிறார் என்று நினைத்தேன், வற்புறுத்தவில்லை. யோகனின் இரண்டு கையிலும் பண்டேஜ். அவருடைய மனைவி தேநீரைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்வது என்று தெரியாமல், "எங்கட மகனுக்குக் கொஞ்சம் அவசரம் கூட, யோகன். மன்னிச்சிக்கங்க" என்றேன். அவர் கோப்பையைத் தள்ளச் சொன்னார்.

"தம்பிட பிழை எண்டு நீங்களுமா சொல்றீங்க, உம்மா?"

"அவன்தானே சொன்ன."

"அவர் சொன்னவர். ஆனா பெருநாளைக்கு முதல், பிரஷ் கழுவுற அறைக் குழாயையும் அந்தப் பெட்டியில பூட்டினது முதலாளி. நான்தான் குழாயப் பிடிச்சுக் கொடுத்தன். ரெசின் மணத்தை மட்டும்தான் பெட்டிக்குள்ள விடுறது, அசிற்றோன் கழுவுற அறைய விடக்கூடாது எண்டு தம்பி ஆரம்பத்திலயே சொன்னவர். பெட்டி நல்லா வேலை செய்யுது, அந்த அறையில நிக்கிற பொடியன்களுக்குத் தலையிடிக்குது, அதையும் சேர்த்தா என்ன எண்டு முதலாளி நினைச்சிட்டார். நல்லதுக்குத்தான் செஞ்ச. அந்த அசிற்றோன் கரிக்குள்ள போனா, விசிறி நிண்ட நேரம் சூடு ஏறுமாம். தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்தப்போ சொன்னவர்."

"அவனுக்குத் தெரியுமா? குழாய் பூட்டினது?"

"தீ அணைஞ்ச உடனே பின்னால போய்ப் பாத்தவர்தானே. பாத்திட்டு என்னையும் பாத்து, கதைக்க வேணாம் எண்டு தலையாட்டினார்."

நீ குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்த முகம் அப்போதுதான் விளங்கியது. ஆனால் யோகன் அதோடு நிறுத்தவில்லை. கோமாரியில் வாப்பாவின் பழைய கூட்டாளி இராசன், நம்ம பெட்டியைப் பார்த்துவிட்டுப் போய் அதேபோல ஒன்று செய்து தன் யார்டில் பூட்டியிருக்கிறார். யோகனின் மச்சான் அங்கேதான் வேலை. அங்கேயும் கழுவுகிற அறைக் குழாயை அதற்குள்ளேயே விட்டிருக்கிறார்கள். யோகன் போனில் எச்சரித்தபோது, "அது அந்த எஞ்சினியர் பொடியன்ட பிழை, எங்கட பெட்டியில ஒரு பிழையும் இல்ல" என்று சிரித்தார்களாம். ரெசின் வராமல் கொஞ்ச நாள் வேலை நின்றிருக்கிறது. அன்றைக்குத்தான் லொறி வந்திருக்கிறது, திரும்பத் தொடங்கப் போகிறார்கள்.

நான் வெளியே வந்து வானுக்குள் ஏறிக் கதவைச் சாத்தினேன். "கழுவுற அறைக் குழாய நீங்கதான் பூட்டினீங்களா?" என்று கேட்டேன். வாப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். "ஓம்" என்றார். பிறகு, "அவன் செய்யாதீங்க எண்டு சொன்ன. ஏன் எண்டு சொல்லல்ல. பயந்து பயந்து செய்றான் எண்டு நினைச்சன். விசாரணையில என்ட வாய் திறக்கல்ல. அவனுக்குத் தெரியாதுதானே, தெரியாமலே போகட்டும் எண்டு..." என்றார்.

"அவனுக்குத் தெரியும். அண்டைக்கே தெரியும்."

முப்பது வருசத்துக்கு மேல் அவரோடு வாழ்ந்திருக்கிறேன். கடல் வந்து யார்டையும் வீட்டையும் கொண்டுபோன அன்றும் நான் அந்த முகத்தைப் பார்த்தேன். இப்படி அது உடைந்ததை நான் காணவில்லை. அழவில்லை. தன்னை யாருக்கும் தெரியாது என்று நினைத்து ஒளிந்துகொண்டிருந்த இடத்தில், மகன் தன்னை மூடிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் கோமாரிக் கதையைச் சொன்னேன். அவர் வானைத் தெற்கே திருப்பினார். வினாயகபுரம் தாண்டும் வரை இராசனுக்கு நான் போன் எடுத்துக்கொண்டே இருந்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை.

நாங்கள் போனபோது லொறியில் இருந்து ரெசின் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வாப்பாவை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற இராசன் சிரித்துக்கொண்டு வந்தார். "என்ன காக்கா, குடும்பத்தோட வந்திருக்கீங்க, இளநீ வெட்டவா?" வாப்பா அவரைத் தாண்டிப் பெட்டிக்குப் போய்க் கையால் தடவிப் பார்த்தார். வெயிலில் எல்லா இடமும் சுட்டது. குடிக்கிற தண்ணீர்ப் போத்தலை எடுத்துத் தகரத்தில் ஊற்றிக்கொண்டே சுற்றி வந்தார். தண்ணீர் வழிந்து ஓடியது. வலது பக்கம் ஓரிடத்தில் மட்டும், தோசைக் கல்லில் விட்டதுபோல, சீறிக்கொண்டு காய்ந்தது. இராசனின் சிரிப்பு நின்றது. விசிறிச் சுவிச்சுக்குப் பக்கத்தில் நின்ற வேலையாளை வாப்பா கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு உனக்கு போன் எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

நீ மறுமுனையில் என்ன முகத்தோடு இருந்தாய் என்று எனக்குத் தெரியாது. இந்த முனையில் நடந்ததைச் சொல்கிறேன். அத்தனை வேலையாட்களுக்கும் முன்னால் அவர் சொன்ன முதல் வார்த்தை நெருப்பைப் பற்றியது இல்லை. "மகன், குழாயைப் பூட்டினது நான். நீ மறைச்சதும் எனக்குத் தெரியும். இப்ப கோமாரியில நிக்கிறன், இராசன்ட பெட்டி உள்ளுக்குள்ள எரியுது. என்ன செய்ய, சொல்லு" என்றார். லைன் அறுந்துவிட்டதோ என்று நான் போனை எட்டிப் பார்த்தேன். அதன் பிறகு உன் குரல் வந்தது, பதறாத குரல். "மூடியத் திறக்க வேணாம் வாப்பா. விசிறிய யாரும் தொட வேணாம். காத்து உள்ள போற வாயையும் வெளிய வாற வாயையும் ஈரச் சாக்கால அடைங்க. எல்லாரும் காத்து வாற பக்கமா நில்லுங்க, அந்தப் புகை மூச்சுக்குள்ள போகக்கூடாது. மேல கரி நிரப்புற சின்னத் துவாரம் இருக்கும், அதால ஹோஸ விட்டு அடியால தண்ணி ஒழுகிற வரைக்கும் நிரப்புங்க. ஆவி வரும், பயப்படாதீங்க." திறக்க வேணாம் என்பதை மறுபடி மறுபடி சொன்னாய். அவர்கள் அப்படியே செய்தார்கள். பெட்டி உறுமியது, வெள்ளை ஆவி மூடிக்கொண்டது, தகரம் ஒரு பக்கம் நெளிந்தது. அடியால் கறுத்த தண்ணீர் ஒழுகத் தொடங்கியபோது நடுப்பகல் லுஹர் பாங்கு நேரம் தாண்டிவிட்டது. நன்றாக ஆறும் வரை காத்திருந்து, நீ சரி என்று சொன்ன பிறகுதான் திறந்தார்கள். மேலேயும் கீழேயும் கரி கறுப்பாக, மினுங்கிக்கொண்டு, புதிதுபோல இருந்தது. நடுவில் ஒரு தேங்காய் அளவு இடம் மட்டும் வெள்ளைச் சாம்பல். இராசனின் வீடு யார்டோடு ஒட்டினது. அவருடைய மருமகள் கைப்பிள்ளையோடு சுவருக்கு மறுபக்கம் இருந்திருக்கிறாள். அவர் அந்தச் சாம்பலையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஊரெல்லாம் உங்கட மகன்ட பிழை எண்டு சொன்னதால நான் குழாயப் பத்தி நினைக்கவே இல்ல, காக்கா" என்றார்.

மகன், நீ வாப்பாவின் மானத்தைக் காப்பாற்றத்தான் வாயை மூடினாய். பெற்றவளுக்கு அது எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கைப்பிள்ளை இருந்தது. நீ மறைத்ததும் வாப்பா மறைத்ததும் சேர்ந்து, அந்தப் பெட்டி எரிந்த காரணத்தை இந்தக் கரையில் யாருக்கும் தெரியாமல் ஆக்கிவிட்டது. உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. மானி பூட்டாதது உன் பிழை, அதை நீயே சொன்னாய். ஏன் என்று சொல்லாமல் "செய்யாதீங்க" என்று மட்டும் சொன்னதும் உன் பிழைதான், வாப்பா மாதிரி மனிதனுக்கு ஏன் என்று சொல்ல வேண்டும். குழாயைப் பூட்டியது அவர் பிழை. அவரவர் பங்கை அவரவர் எடுத்துக்கொண்டால் போதும். முழுவதையும் ஒருவன் தூக்கிக்கொண்டு கடல் கடந்து போவதில் யாருக்கும் நன்மை இல்லை.

கோமாரியில் இருந்து வந்த மறுநாளே வாப்பா அதிகாரியிடம் போய் உண்மையைச் சொல்லி எழுதிக் கொடுத்தார். பிறகு பௌசியாவின் கடப்புக்குப் போனார். நானும் பின்னால் போனேன், அவள் என்ன சொன்னாலும் அவர் தனியாகக் கேட்கக்கூடாது என்று. அவள் முழுவதையும் கேட்டாள். "என்ட புள்ளைகளோட கருகிச் செத்திருப்பேனே காக்கா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. வாப்பா தலையைக் குனிந்து நின்றார். உள்ளே மகள் மெஷின் பிடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அவள் கேட்டதுதான் என்னை அதிர வைத்தது. "பெட்டிய எப்ப திரும்ப வைக்கப் போறீங்க?" நான் அவளைப் பார்த்தேன். திரும்பப் பெட்டியா, உனக்குப் பயமில்லையா என்று கேட்டேன். "பயம்தான் ராத்தா. ஆனா நான் மனுக் கொடுத்தது மணத்தை நிப்பாட்டச் சொல்லி. பெட்டிய நிப்பாட்டச் சொல்லி ஆரும் மனுக் கொடுக்கல்லியே. அந்தப் பெட்டி இருந்த நாள்ள இவ ஸ்கூலுக்குப் போனவ" என்றாள்.

அன்று பின்னேரமே வாப்பா யார்டில் வேலையை நிறுத்திவிட்டார். யாரும் உத்தரவு போடவில்லை. ஒழுங்கான பெட்டி வரும் வரைக்கும் ரெசின் டிரம் ஒன்றையும் திறப்பதில்லை என்று சொல்லிவிட்டார். அசிற்றோன் கழுவுகிறதற்கு மூடி போட்ட தொட்டி செய்திருக்கிறார், அதன் குழாய் எதிலும் சேராமல் தனியாக நிற்கிறது. சூட்டு மானியை எங்கே வைப்பது, கரிக்குள் எவ்வளவு ஆழத்தில் வைப்பது, எத்தனை வைப்பது, மணி எந்தச் சூட்டில் அடிக்க வேண்டும், லீவு நாளில் விசிறியை ஓட விடுவதா நிறுத்துவதா, தண்ணீர்க் குழாயை நிரந்தரமாகப் பூட்டுவதா என்றெல்லாம் என்னிடம் கேட்கிறார். நான் என்ன சொல்வேன்? அவனிடம் கேளுங்கள் என்றால், "அவன் போறவன், தொந்தரவு செய்யாதே" என்று எழும்பிப் போய்விடுகிறார்.

கட்டாருக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. பிழைப்புக்குப் போவது நம்ம ஊருக்குப் புதிதா? போகிறதென்றால் நிமிர்ந்து போ, எனக்கும் வாப்பாவுக்கும் சொல்லிவிட்டுப் போ. உன் மாமியாரிடம் நான் இன்னொரு பொய் சொல்லும்படி வைக்காதே.

இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நம்ம யார்டில் ஒரு கூட்டம். மருதமுனையில் இருந்து கோமாரி வரைக்கும் பைபர் வேலை செய்கிறவர்களையும், கதிரை மேசைக்குத் தின்னர் அடிக்கிறவர்களையும் வாப்பா தானே போய்க் கூப்பிட்டிருக்கிறார். இராசன் எரிந்த பெட்டியை லொறியில் ஏற்றிக்கொண்டு வருகிறார். யோகன் கைக்கட்டோடு வருகிறார். பௌசியாவும் வருகிறாளாம், பெண்களுக்குத் தனியாகக் கதிரை போடச் சொல்லியிருக்கிறாள். முதலில் வாப்பா எழும்பி, தான் குழாயைப் பூட்டியதையும் விசாரணையில் வாய் மூடி நின்றதையும் சொல்லப்போகிறார். அதை அவரால் சொல்லி முடிக்க முடியும், குசினியில் என் முன்னால் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டார். அதன் பிறகு, அந்தப் பெட்டியை எரியாமல் எப்படிச் செய்வது என்று ஒருவர் எழும்பிச் சொல்ல வேண்டும். அதற்கு எங்களிடம் ஆள் இல்லை. உன் பயணம் ஞாயிற்றுக்கிழமைதானே, மகன்.